குமுளியில் மூன்றாவது, மதுரையில் பதினொன்றாவது: தேடல் வரிசை இடத்துக்கு இடம் மாறுவது ஏன், அதை எப்படி அளப்பது?

கம்பத்திலிருந்து லோயர் கேம்ப் தாண்டி மலையேறி வரும் தமிழ்நாட்டுப் பேருந்து குமுளி செக்போஸ்டுக்கு முன்னாலேயே நின்றுவிடும். இறங்கிச் சில எட்டு நடந்தால் கேரளா. அந்தச் சில எட்டுக்குள் என் கைப்பேசி ஒரு மாநிலத்து டவரை விட்டு இன்னொரு மாநிலத்து டவரைப் பிடிக்கும். இந்தப் பக்கம் நின்று "தேக்கடி ஹோம்ஸ்டே" என்று கூகுளில் தேடி, அந்தப் பக்கம் போய் அதையே திரும்பத் தேடி, இரண்டு வரிசையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மேலே இருந்தது கீழே போயிருக்கும், கீழே இருந்தது மேலே வந்திருக்கும், புதிதாக ஒன்று நடுவில் முளைத்திருக்கும்.

இந்த எல்லையில் ஹோம்ஸ்டே, ஏலக்காய்க் கடை, ஜீப் சவாரி நடத்துபவர்களுக்கு இணையதளம் செய்து கொடுப்பது என் தொழில். தேக்கடி ரோட்டில் ஆறு அறை வைத்து நடத்தும் அக்கா ஒருவர் ஒருநாள் காலையிலேயே கூப்பிட்டார். "தம்பி, எங்க அண்ணன் மதுரையில பார்த்தாராம். முதல் பக்கத்துல நம்ம பேரே இல்லையாம். இங்க நான் பார்த்தா மூணாவதா இருக்கு. எது நெசம்?" என்றார். "ரெண்டுமே நெசம்தான்க்கா" என்றேன். அவருக்கு நான் சமாளிப்பதாகத் தோன்றியது. அன்று அவருக்கு உட்கார்ந்து விளக்கியதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

அடிப்படையாக ஒன்றை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றது எல்லாம் எளிது. ஒரு தளத்துக்கு "ரேங்க்" என்று ஒற்றை எண் எங்கும் எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை. ஒருவர் தேடும் அந்தக் கணத்தில், அவர் இருக்கும் இடம், மொழி, கருவி, சற்று முன் தேடியது எல்லாவற்றையும் பார்த்து வரிசை புதிதாகக் கட்டப்படுகிறது. ஆகவே "நாம எத்தனாவது?" என்று கேட்டால் பதில் கிடையாது. "மதுரையில், போனில், இந்தச் சொல்லுக்கு, இந்த வாரம் எத்தனாவது?" என்று கேட்டால் பதில் உண்டு.

படி 1: கூகுள் உங்களை எந்த ஊரில் வைத்திருக்கிறது என்று பாருங்கள்

தேடல் முடிவுப் பக்கத்தை அடிவரை தள்ளுங்கள். ஒரு ஊர்ப்பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். பக்கத்திலேயே அது எங்கிருந்து தெரிந்தது என்றும் இருக்கும்: உங்கள் கருவியிலிருந்து, அல்லது ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்), அல்லது உங்கள் முந்தைய பயன்பாட்டிலிருந்து. ரேங்க் பற்றி என்னிடம் பேச வருபவர்களில் பெரும்பாலானோர் இந்த வரியை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. எதையும் அளப்பதற்கு முன் பார்க்க வேண்டிய வரி இதுதான்.

இடத்தை அறிய அனுமதி கொடுத்திருந்தால், ஜிபிஎஸ், வைஃபை, டவர் மூன்றையும் வைத்து கூகுள் உங்களைத் தெருவரை நெருங்கிவிடும். அனுமதி இல்லையென்றால் ஐபி முகவரிதான் பெரிய துப்பு. எல்லையோரத்தில் வம்பு ஆரம்பிப்பது இங்கேதான். மொபைல் டேட்டாவில் உங்கள் ஐபி முகவரி பக்கத்து டவருக்குச் சொந்தமானது கிடையாது. உங்கள் இணைப்பு தொலைபேசி நிறுவனத்தின் ஏதோ ஒரு பெருநகர நுழைவாயில் வழியாக வெளியே போகிறது. ஆயிரக்கணக்கானோர் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. அதனால் குமுளியில் உட்கார்ந்திருப்பவரைச் சென்னையில் இருப்பதாகவோ கொச்சியில் இருப்பதாகவோ கூகுள் எடுத்துக்கொள்ளலாம். தொலைத்தொடர்பில் தமிழ்நாடு ஒரு வட்டம், கேரளா இன்னொரு வட்டம். ஒரே மேசையில் இருவர் ஆளுக்கொரு வட்டத்து சிம்மை வைத்துக்கொண்டு தேடினால், அவர்கள் இரண்டு ஊர்களில் இருப்பதாகக் கூகுள் நினைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

அக்காவின் வீட்டில் இதை நேரிலேயே பார்த்தோம். வரவேற்பு மேசையில் அவருடைய போன், அதன் பக்கத்தில் அவர் மகனின் போன். அக்காவினுடையதில் பக்கத்தின் அடியில் குமுளி என்று இருந்தது. இட அனுமதியை அணைத்து வைத்திருந்த மகனின் போனில் சென்னை என்று இருந்தது. இரண்டு போனுக்கும் நடுவே ஒரு சாண் தூரம்.

கூகுள் டாட் காமில் தேடினாலும் நாட்டுக்குரிய கூகுள் முகவரியில் தேடினாலும் வேறுபாடு வராதா என்று சிலர் கேட்பார்கள். முன்பு வந்தது. 2017 அக்டோபரில் கூகுள் அதை மாற்றிவிட்டது. இப்போது எந்த முகவரியில் தேடினாலும் நீங்கள் இருக்கும் இடத்தை வைத்தே முடிவு வரும்.

படி 2: சொல்லில் ஊர் இருக்கிறதா, இல்லையா?

எல்லாச் சொற்களும் இடத்துக்கு ஏற்ப ஒரே அளவில் ஆடுவதில்லை. "ஏலக்காயின் பயன்கள்" என்று தேடினால் குமுளியிலும் சேலத்திலும் பெரிய வித்தியாசம் இருக்காது. "ஜீப் வாடகை" என்று தேடினால் முழுக்க மாறும், ஏனென்றால் அதில் ஊர் இல்லை, தேடுபவரின் ஊரைக் கூகுள் தானே சேர்த்துக்கொள்கிறது. "தேக்கடி ஜீப் வாடகை" இரண்டுக்கும் நடுவில். ஊர் சொல்லப்பட்டுவிட்டதால் அலைச்சல் குறையும், ஆனால் நிற்காது.

நம் பக்கத்து ஊர்ப்பெயர்களில் இதற்கு அருமையான உதாரணங்கள் இருக்கின்றன. கூடலூர் என்றால் எந்தக் கூடலூர்? கம்பத்துக்குப் பக்கத்தில் இருப்பதா, நீலகிரியில் இருப்பதா? ஊட்டியில் இருந்து "கூடலூர் லாட்ஜ்" என்று தேடுபவரும் உத்தமபாளையத்திலிருந்து அதையே தேடுபவரும் கேட்பது வெவ்வேறு ஊரை. கம்பமும் அப்படித்தான். ஆந்திராவில் பெரிய ஏரியுடன் ஒரு கம்பம் இருக்கிறது, ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டலும் ஒன்றே. கூகுள் தேடுபவரின் இடத்தைப் பார்த்துத்தான் எந்த ஊர் என்று ஊகிக்கிறது. கூடலூரில் கடை வைத்திருக்கும் ஒருவர் தன் தளத்தில் வெறுமனே "கூடலூர்" என்று மட்டும் எழுதியிருந்தார். "தேனி மாவட்டம், கம்பம் பள்ளத்தாக்கு, குமுளி மலையடிவாரம்" என்று பக்கத்தில் சேர்த்த பிறகுதான் தொலைதூரத்திலிருந்து தேடுபவர்களுக்கு அது சரியாகப் போய்ச் சேர ஆரம்பித்தது. செலவே இல்லாத திருத்தம். பெயர் இரட்டிக்கும் ஊரில் தொழில் செய்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதை.

ஆகவே உங்கள் தேடல் சொற்களை இரண்டு பட்டியலாகப் பிரித்து எழுதுங்கள். ஊர்ப்பெயர் உள்ளவை ஒன்று. இல்லாதவை இன்னொன்று. இரண்டையும் கலந்து சராசரி பார்த்தால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளே இருக்காது.

படி 3: "சர்வர்" என்றால் எந்த சர்வர்?

சர்வரால், அதாவது பக்கத்தை எடுத்து அனுப்பும் கணினியால், ரேங்க் மாறுகிறது என்று சொல்பவர்கள் இரண்டு தனித்தனி விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று கூகுளின் சர்வர், மற்றது நம் தளம் இருக்கும் ஹோஸ்டிங் சர்வர்.

கூகுள் பக்கத்தை முதலில் முடித்துவிடலாம். உலகம் முழுக்க அதற்குப் பல டேட்டா சென்டர்கள், அதாவது சர்வர்கள் குவிந்திருக்கும் கட்டிடங்கள். நீங்கள் தேடும்போது எது அருகில், எது சும்மா இருக்கிறது என்று பார்த்து அங்கே அனுப்பப்படுகிறீர்கள். புதிதாகச் சேர்ந்த பக்கமோ வரிசைக் கணக்கில் வந்த மாற்றமோ எல்லா இடத்துக்கும் ஒரே நொடியில் போய்ச் சேராது. 2000-களின் தொடக்கத்தில் இது கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. ஏறக்குறைய மாதம் ஒருமுறை, கூகுள் படித்து வைத்திருக்கும் பக்கங்களின் அட்டவணை புதுப்பிக்கப்படும், அந்தச் சில நாட்கள் ஒவ்வொரு டேட்டா சென்டரும் ஒவ்வொரு வரிசையைக் காட்டும். அதற்கு "கூகுள் டான்ஸ்" என்றே பெயர் வைத்திருந்தார்கள். 2003-க்குப் பிறகு புதுப்பித்தல் சிறிது சிறிதாக, தொடர்ச்சியாக நடக்கத் தொடங்கியதால் அந்தப் பெரிய ஆட்டம் போய்விட்டது. சின்ன நடுக்கம் இன்றும் உண்டு.

அதற்குமேல் பரிசோதனைகள். கூகுள் தேடலில் 2023-ம் ஆண்டில் மட்டும் 4,700-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் செய்யப்பட்டன, உண்மையான பயனர்களின் ஒரு சிறு பகுதியினரிடம் நேரடியாக நடத்திய சோதனைகள் 16,000-ஐத் தாண்டின. இந்த நிமிடம் நீங்கள் அப்படியொரு சோதனைக்குள் இருக்கலாம், உங்கள் மனைவியின் போன் வெளியே இருக்கலாம். இதை யாராலும் தடுக்க முடியாது.

அமெரிக்காவின் நார்த் ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் தேடல் முடிவுகள் ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறுகின்றன என்று அளந்தார்கள். சராசரியாக 11.7 சதவீத முடிவுகள் ஆளைப் பொறுத்து மாறின. எனக்கு அந்த எண்ணைவிட அவர்கள் அளந்த முறைதான் பெரிய பாடமாக இருந்தது. எல்லாத் தேடல்களையும் கூகுளின் ஒரே ஐபி முகவரிக்கு அனுப்பினார்கள், டேட்டா சென்டர் வேறுபாடு நடுவில் வந்து கெடுக்கக்கூடாது என்பதற்காக. ஒரு தேடலுக்கும் அடுத்த தேடலுக்கும் 11 நிமிடம் விட்டார்கள், ஏனென்றால் சற்று முன் தேடியது அடுத்த முடிவில் ஒட்டிக்கொள்கிறது. நம்மில் எத்தனை பேர் ஒரு நிமிடத்தில் ஐந்து முறை தேடிப் பார்த்துவிட்டு முடிவு கட்டுகிறோம்!

படி 4: நம் ஹோஸ்டிங் சர்வரைச் சரிபாருங்கள்

"இந்திய சர்வருக்கு மாறினா ரேங்க் ஏறும்" என்று ஹோஸ்டிங் விற்பவர்கள் சொல்வதில் ஒரு சிட்டிகை உண்மை இருக்கிறது. ஒரு தளம் எந்த நாட்டுக்கானது என்று ஊகிக்கும்போது கூகுள் சர்வர் இருக்கும் இடத்தையும் ஒரு குறிப்பாகப் பார்க்கிறது. ஆனால் அது உறுதியான குறிப்பு இல்லை என்று அதுவே சொல்லியிருக்கிறது, ஏனென்றால் பலர் வெளிநாட்டு ஹோஸ்டிங்கிலோ சிடிஎன் (தளத்தின் நகலைப் பல ஊர்களில் வைத்துத் தரும் சேவை) பின்னாலோ இருக்கிறார்கள். உங்கள் டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) டாட் இன் என்று முடிந்தால் நாடு அங்கேயே தெளிவாகிவிடுகிறது. டாட் காம் என்றாலும் முகவரி, தொலைபேசி எண், ரூபாய் விலை, பக்கத்தின் மொழி எல்லாம் சேர்ந்து சொல்லிவிடும்.

சர்வரின் தூரம் உண்மையில் கடிப்பது வேகத்தில். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். குமுளியிலிருந்து அமெரிக்கக் கிழக்குக் கரையின் வர்ஜீனியாவுக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர், போய் வர 28,000. கேபிள் நேர்கோட்டில் போனால்கூட ஒரு நடைக்கு 140 மில்லிசெகண்ட். பக்கத்தின் முதல் எழுத்து வருவதற்கு முன் இணைப்பு ஏற்படுத்த ஒரு நடை, பாதுகாப்புப் பூட்டு போட ஒரு நடை, பக்கத்தைக் கேட்க ஒரு நடை என்று குறைந்தது மூன்று. ஆக 420 மில்லிசெகண்ட், அதாவது அரை நொடிக்குச் சற்றுக் குறைவு, எதுவும் நடக்காமலே போய்விடுகிறது. கேபிள் கடலடியில் சுற்றி வருவதால் நிஜத்தில் இன்னும் அதிகம். மும்பையில் சர்வர் இருந்தால் தூரம் சுமார் 1,150 கிலோமீட்டர்தான். அதே மூன்று நடைக்கும் சேர்த்து 35 மில்லிசெகண்டுக்குள் கணக்கு முடிகிறது.

இந்த வேகம் வரிசையில் எப்படி நுழைகிறது? குரோம் உலாவியில் உங்கள் தளத்தைத் திறந்த உண்மையான மக்களின் அனுபவம், கடந்த 28 நாட்களுக்கு, சேகரிக்கப்படுகிறது. திரையில் தெரியும் மிகப் பெரிய படமோ எழுத்துத் தொகுதியோ 2.5 நொடிக்குள் வர வேண்டும், தொட்டால் 200 மில்லிசெகண்டுக்குள் அசைய வேண்டும், நூறில் எழுபத்தைந்து வருகைகளில் இது நடந்திருக்க வேண்டும். ஆகவே உங்கள் ஆட்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கிருந்து வேகம் பாருங்கள். சென்னையில் ஃபைபர் இணைப்பில் உட்கார்ந்து பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்வதில் பயனில்லை. நான் லோயர் கேம்ப் வளைவுகளில், ஒற்றைக் கோடு சிக்னலில், பேருந்துக்குள் திறந்து பார்ப்பேன். அதே சமயம் வேகத்துக்கு இருக்கும் எடை சிறியது. பொருத்தமான விஷயம் இல்லாத பக்கத்தை வேகம் மேலே தூக்காது.

இனி, சர்வர் விஷயத்தில் நான் பட்ட பாடு ஒன்று. ஏலக்காய்க் கடை ஒன்றின் தளத்தில் வெளிநாட்டிலிருந்து குப்பைப் படிவங்கள் வந்து குவிந்தன. ஹோஸ்டிங் நிறுவனத்தில் புகார் சொன்னேன். அவர்கள் இந்தியாவுக்கு வெளியே இருந்து வரும் எல்லா ஐபி முகவரிகளையும் தடுத்துவிட்டார்கள். குப்பை நின்றது. எனக்கும் நிம்மதி. சில வாரங்களில் தளம் தேடலிலிருந்தே ஒவ்வொரு பக்கமாகக் காணாமல் போனது. கடைக்காரர் போனில் திறந்தால் நன்றாகத் திறக்கிறது, நான் திறந்தாலும் திறக்கிறது, கூகுளுக்கு மட்டும் திறக்கவில்லை. காரணம், பக்கங்களைப் படிக்க வரும் கூகுள்பாட் பெரும்பாலும் அமெரிக்க ஐபி முகவரிகளிலிருந்துதான் வருகிறது. வாசலைப் பூட்டியது நாங்கள்தான். தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியில், பக்கத்தைச் சோதிக்கும் வசதியில் நேரடிச் சோதனை ஓட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. தடையை எடுத்த பிறகும் பழைய நிலைக்கு வரப் பல வாரம் பிடித்தது. அந்தக் கடைக்காரருக்கு அது ஏலக்காய் சீசன். தளம் திடீரென்று எல்லா இடத்திலும் மறைந்தால் இடம், மொழி எதையும் ஆராய்வதற்கு முன் இந்தச் சோதனையை ஓட்டுங்கள்.

இதே காரணத்தால்தான் வருபவரின் ஐபி முகவரியைப் பார்த்து மொழியைத் தானாக மாற்றும் வேலையும் வேண்டாம் என்கிறேன். கேரள முகவரி என்றால் மலையாளம், தமிழ்நாட்டு முகவரி என்றால் தமிழ் என்று ஒருவர் வைத்திருந்தார். வண்டிப்பெரியாறு தோட்டத்துத் தமிழருக்கு மலையாளப் பக்கம் வந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த கூகுள்பாட்டுக்கு ஆங்கிலம் மட்டுமே தெரிந்தது, தமிழ்ப் பக்கமும் மலையாளப் பக்கமும் அதன் கண்ணில் படவேயில்லை. மூன்று மொழிக்கும் மூன்று தனி முகவரி கொடுங்கள், மேலே மொழி மாற்றும் இணைப்பு வையுங்கள், பக்கங்களுக்குள் எச்ரெஃப்லாங் (hreflang) என்ற மொழிக் குறியீட்டால் ஒன்றையொன்று காட்டுங்கள். அந்தக் குறியீட்டில் மொழியும் நாடும் மட்டும்தான் சொல்ல முடியும், மாநிலம் சொல்ல வழியில்லை. நம் எல்லைக்கு அதுவே வசதி. தமிழ் படிப்பவர் எந்தப் பக்கம் இருந்தாலும் தமிழ்ப் பக்கம் அவருக்குப் போகும்.

படி 5: நோட்டில் எழுதி அளந்து பாருங்கள்

அக்காவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கச் சொன்னேன். இடதுபக்கம் ஊர்கள்: குமுளி, கம்பம், மதுரை, கோட்டயம், சென்னை. அவருக்குச் சொந்தக்காரர்களோ பழைய விருந்தினர்களோ எல்லா ஊரிலும் உண்டு. மேலே ஐந்து தேடல் சொற்கள். வாரம் ஒருநாள், ஒரே நேரம், இரவு எட்டு மணி. எல்லோரும் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: இன்காக்னிட்டோ சாளரம் திறப்பது, இட அனுமதி கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரி பதில் கொடுப்பது, வாட்ஸ்அப்பில் நான் அனுப்பும் சொல்லை அப்படியே ஒட்டித் தேடுவது, பக்கத்தின் அடியில் இருக்கும் ஊர்ப்பெயர் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவது. எங்கள் தளத்தை அழுத்தித் திறக்கக்கூடாது. ஒரு சொல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவே பத்து நிமிடத்துக்கு மேல் விட வேண்டும், அவசரப்படுபவர்கள் அன்றைக்கு ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சொல்லை ஒட்டச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒருவர் தமிழில் அடிப்பார், ஒருவர் ஆங்கிலத்தில் அடிப்பார், கோட்டயத்துக்காரர் மலையாளத்தில் அடிப்பார். மூன்றும் மூன்று தேடல். மூன்றையும் அளக்கலாம், தனித்தனிப் பத்தியில்.

இன்காக்னிட்டோ பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. அது உங்கள் கணக்கையும் பழைய வரலாற்றையும் மட்டும்தான் ஒதுக்கி வைக்கும். உங்கள் ஐபி முகவரி அப்படியேதான் இருக்கும், ஊர் மறையாது. உள்நுழையாதவர்களுக்கும் தேடலை ஆளுக்கேற்ப மாற்றுவதை 2009 டிசம்பரிலேயே கூகுள் தொடங்கிவிட்டது. எனவே கணக்கிலிருந்து வெளியேறி வந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம்.

வெளியூரில் ஆள் இல்லாதவர்களுக்கு இரண்டு வழி. கூகுள் விளம்பரக் கணக்கு திறந்தால் அதற்குள் விளம்பர முன்னோட்டக் கருவி இருக்கிறது. பணம் கட்டத் தேவையில்லை. ஊர், மொழி, போனா கணினியா என்பதைத் தேர்ந்து அங்கிருந்து தேடினால் எப்படித் தெரியும் என்று பார்க்கலாம். இன்னொன்று, கணினியில் குரோமின் டெவலப்பர் கருவிகளில் சென்சார் என்ற பகுதி. அதில் மதுரைக்கு அட்சரேகை 9.92, தீர்க்கரேகை 78.12 என்று கொடுத்து, தேடல் பக்கத்தின் அடியில் இருப்பிடத்தைப் புதுப்பிக்கும் இணைப்பை அழுத்தினால் கூகுள் உங்களை மதுரைக்காரராக எடுத்துக்கொள்ளும். குமுளிக்கு 9.60, 77.17. விபிஎன் (வேறொரு ஊரின் சர்வர் வழியாக இணையத்துக்குப் போகும் வசதி) இதற்கு அவ்வளவாக உதவாது. அது பெரும்பாலும் மும்பைக்கோ வெளிநாட்டுக்கோ கொண்டுபோய் விடும், தேனிக்குக் கொண்டுபோகாது.

நான்கு வாரம் எழுதிய பிறகு நோட்டைப் பாருங்கள். ஓர் ஊருக்குள் வாரத்துக்கு வாரம் ஒன்றிரண்டு இடம் ஏறி இறங்கினால் அது சாதாரண நடுக்கம், விட்டுவிடலாம். ஊருக்கு ஊர் தொடர்ந்து ஒரே மாதிரி இடைவெளி இருந்தால் அது இடத்தால் வருவது. எல்லா ஊரிலும் ஒன்றாக விழுந்தால்தான் தளத்திலோ சர்வரிலோ கோளாறு, அல்லது கூகுளே கணக்கை மாற்றியிருக்கிறது. இந்த மூன்றையும் பிரித்தறியத்தான் இவ்வளவு பாடு.

படி 6: சர்ச் கன்சோலின் சராசரியைப் படிக்கும் விதம்

சர்ச் கன்சோல் இலவசம், 16 மாதக் கணக்கு வரை காட்டும், உண்மையான தேடல்களிலிருந்து வருவது. ஆனால் அதில் நாடு வரைதான் பிரிக்க முடியும். கேரளாவைத் தனியாக, தமிழ்நாட்டைத் தனியாகப் பார்க்க வழியில்லை. சராசரி நிலை என்ற எண்ணிலும் கவனம் வேண்டும். குமுளியில் ஒருவர் உங்களை 3-வது இடத்தில் பார்க்கிறார். மதுரையில் மூன்று பேர் 11-வது இடத்தில் பார்க்கிறார்கள். கூட்டினால் 36, நான்கால் வகுத்தால் 9. அறிக்கையில் 9 என்று இருக்கும். ஒன்பதாவது இடத்தில் உங்களைப் பார்த்தவர் ஒருவர்கூடக் கிடையாது.

இன்னும் சிக்கல், தளம் வளர்ந்து புதிய ஊர்களில் தெரிய ஆரம்பித்தாலே சராசரி கீழே போகும். முன்பு குமுளியில் மட்டும் தெரிந்த தளம் இப்போது சென்னையில் 18-வதாகத் தெரிகிறது என்றால் அது நல்ல செய்தி, சராசரியோ மோசமாகிவிட்டதாகக் காட்டும். அதனால் சராசரியோடு, எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் அழுத்தினார்கள் என்ற இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கடைசி இரண்டு மூன்று நாள் கணக்கு முழுமையாக இருக்காது, அதை வைத்துப் பதறாதீர்கள். நம் பக்கம் கார்த்திகை, மார்கழியில் சபரிமலை போகும் வண்டிகளால் தேடுபவர்களின் கூட்டமே மாறிவிடும். ஆகவே போன மாதத்தோடு ஒப்பிடாமல், போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

படி 7: வரைபடத்தில் தெரியும் மூன்று கடைகள்

முடிவுகளுக்கு மேலே வரைபடத்தோடு மூன்று பெயர்கள் வருமே, அதன் கணக்கு தனி. பொருத்தம், தூரம், பெயர்பெற்ற அளவு என்ற மூன்றையும் வைத்து வரிசைப்படுத்துவதாகக் கூகுளே சொல்கிறது. தூரம் என்பது தேடுபவரிடமிருந்து, அல்லது அவர் சொன்ன ஊரிலிருந்து. பேருந்து நிலையத்தில் நின்று தேடுபவருக்கும் படகுத்துறைப் பக்கம் நின்று தேடுபவருக்கும் மூன்று பெயர்கள் வேறாக வருவது இயல்பு. இதை மாற்ற முடியாது. மாற்றக்கூடியது வரைபடத்தில் உங்கள் கடையைக் காட்டும் குறியின் இடம். கூகுளில் உங்கள் தொழிலுக்கான விவரப் பக்கமான பிசினஸ் ப்ரொஃபைலில் உங்கள் குறி சரியாக உங்கள் வாசலில் இருக்கிறதா என்று செயற்கைக்கோள் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லையோரத்தில் குறி சற்று நகர்ந்தாலும் மாநிலமே மாறிவிடும். அப்புறம், வகை. ஹோம்ஸ்டே நடத்திக்கொண்டு வகையில் ஹோட்டல் என்று போட்டிருந்தால் திருத்துங்கள்.

படி 8: யாருடைய தேடல் உங்களுக்குச் சோறு போடுகிறது?

அக்காவின் அறைப் பதிவேட்டைப் புரட்டினோம். வந்தவர்களில் பெரும்பாலோர் மதுரை, சென்னை, எர்ணாகுளம் பக்கத்துக்காரர்கள், வீட்டில் இருக்கும்போதே தேடி முன்பதிவு செய்தவர்கள். குமுளியில் இறங்கிவிட்டுத் தேடியவர்கள் கைவிட்டு எண்ணக்கூடிய அளவுதான். அப்படியானால் குமுளியில் மூன்றாவதாக இருப்பதால் அவருக்குப் பெரிய பயன் இல்லை. அண்ணன் மதுரையில் பார்த்த அந்தப் பதினொன்றுதான் கவனிக்க வேண்டிய எண். ஜீப் ஓட்டுபவருக்கோ இது தலைகீழ். அவர் வாடிக்கையாளர் குமுளியில் இறங்கிய பிறகுதான் தேடுகிறார். அவருக்கு வரைபடமும் மதிப்புரைகளும் முக்கியம், சென்னையில் எத்தனாவது என்பது பற்றி அவர் கவலைப்பட வேண்டாம். "உங்க தளத்தை நம்பர் ஒன் ஆக்கிட்டோம்" என்று யாராவது ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால், அடியில் இருக்கும் ஊர்ப்பெயரை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

மதுரைக்காரர்களுக்காக அக்காவின் தளத்தில் ஒரே ஒரு பக்கம் சேர்த்தோம். தமிழில், அவரே சொல்லச் சொல்ல நான் எழுதியது: மதுரையிலிருந்து தேனி, கம்பம் வழியாக எப்படி வருவது, மலைப்பாதையில் எங்கே நிறுத்தித் தேநீர் குடிக்கலாம், செக்போஸ்ட்டில் என்ன கேட்பார்கள், குழந்தைகளுக்கு வாந்தி வந்தால் என்ன செய்வது, படகு டிக்கெட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்து போக வேண்டும். சர்வரை மாற்றவில்லை. டொமைனை மாற்றவில்லை. கூடலூர்க் கடையில் செய்ததைப் போல ஊர்ப்பெயர்களை முழுதாக எழுதினோம்.

நோட்டில் மதுரைக்கான வரி முதல் மூன்று வாரம் 11, 12, 11 என்றே நின்றது. ஐந்தாவது வாரம் 9. எட்டாவது வாரம் 6. குமுளி வரி அந்த நேரத்தில் மூன்றிலிருந்து நான்குக்கு இறங்கியிருந்தது. அக்கா அந்த நான்கைப் பார்த்துவிட்டு கடைசி வரிக்கு விரலை நகர்த்தினார், சென்னைக்கு என்ன எழுதலாம் என்று கேட்டார்.